தேயாத கண்ணாடி

புதுப் போனின் முகத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை உரிக்கிற உரிமையைக் கடைப் பையன் எனக்கே விட்டுக்கொடுத்தான். "நீங்களே உரிங்க சார்" என்றான், கன்றுக்குட்டியின் கயிற்றைக் கையில் கொடுப்பதுபோல. ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தேன். ஸ்ஸ்ஸ் என்று முனகிக்கொண்டே தாள் வந்தது. உள்ளே ஒரு தூசு இல்லை. கிணற்றுத் தண்ணீர் மாதிரி கறுத்த கண்ணாடியில் என் முகமும் கடையின் டியூப்லைட்டும் தெரிந்தன.

சந்தைக்கு வந்து மூன்று வாரமே ஆன போன். வருவதற்கு முந்தைய இரண்டு மாதமும் அதைப் பற்றி யார் யாரோ பேசிய வீடியோக்களைத் தூங்காமல் பார்த்திருக்கிறேன். என் முதல் ஸ்கூட்டரைவிட விலை அதிகம். நான் கொடுத்த விலைக்கும் வீட்டில் சொன்ன விலைக்கும் ஒரு சிறு வித்தியாசம் உண்டு. அதை இங்கே விரிக்க வேண்டாம்.

அந்தக் கண்ணாடி வெறும் உடம்போடு இருந்தது இருபது விநாடி. "டெம்பர் போட்டுடலாமா சார்? 300 ரூபாதான்" என்றான் பையன். தலையாட்டினேன். துடைத்தான், ஒட்டுத் தாளால் தூசை ஒற்றி எடுத்தான், இன்னொரு கண்ணாடியை மேலே படியவைத்தான், பின்னால் கவர் மாட்டினான். இனி இதை விற்கிற நாள்வரை என் விரல் தொடப்போவது அந்த 300 ரூபாய்க் கண்ணாடியைத்தான். டிவி ரிமோட்டைப் பாலிதீன் உறையிலேயே வைத்து ஆயுளை முடித்துவிடுகிற வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம்; இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் வீடு திரும்பும் வழியெல்லாம் அது மனதில் உறுத்திக்கொண்டே வந்தது. ஏனென்றால் உள்ளே மூடிக் கிடப்பது சாதாரணக் கண்ணாடி அல்ல.

2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் முதல் ஐபோனைக் காட்டியபோது அதன் முகம் பிளாஸ்டிக். பையில் சாவிகளோடு கிடந்து அதில் கீறல் விழுந்ததைப் பார்த்துவிட்டு, கண்ணாடிதான் வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார் என்பார்கள். கார்னிங் என்ற அமெரிக்கக் கண்ணாடிக் கம்பெனி 1960களிலேயே வலுவேற்றிய கண்ணாடி ஒன்றைச் செய்துவிட்டு, வாங்க ஆளில்லாமல் ஓரங்கட்டி வைத்திருந்தது. அந்த அனுபவம் இப்போது கைகொடுத்தது. ஜூன் 29 அன்று போன் விற்பனைக்கு வந்தபோது அதன் முகம் கண்ணாடியாகியிருந்தது.

வலுவேற்றும் வித்தை அழகானது. கண்ணாடித் தகட்டை ஏறக்குறைய 400 டிகிரி சூட்டில் உருகிக் கிடக்கும் பொட்டாசியம் உப்பில் மூழ்கவைக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பிலிருக்கும் சோடியம் அயனிகள் வெளியேறுகின்றன. காலியான இடங்களில் பொட்டாசியம் அயனிகள் வந்து உட்காருகின்றன. பொட்டாசியம் உருவத்தில் பெரிது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பஸ் சீட்டுகளில், அவர்களை இறக்கிவிட்டு, ஆளுக்கு ஆள் அவர்களுடைய அப்பாக்கள் ஏறி உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? டிரைவர் சடன் பிரேக் போட்டாலும் ஒருவரும் அசைய முடியாது. அந்த நெருக்கடிதான் இந்தக் கண்ணாடியின் பலம். அதற்கும் மேலே எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாத ஒரு பூச்சு உண்டு. 2009இல் ஐபோன் 3ஜிஎஸ் அதோடுதான் வந்தது. இன்று பெரும்பாலான போன்களில் இருக்கிறது.

தொடுவதற்கென்றே பிறந்த பொருள் இது. ஆனால் தொட்டதற்கான அடையாளம் அதில் இருக்கவே கூடாது. இத்தனை மூளை அதற்குத்தான் செலவாகியிருக்கிறது.

எனக்கு ஆச்சியின் அம்மி ஞாபகம் வந்தது.

திருநெல்வேலிப் பக்கம், எங்கள் பழைய வீட்டின் பின்கட்டில் அது கிடந்தது. நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். குழவியின் வலது பக்கம் ஒரு சுற்று மெலிந்திருக்கும், ஆச்சிக்கு வலது கையில்தான் பலம். அவள் ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் அத்தை அரைத்தால் துவையல் திப்பிதிப்பியாக வரும். "நான் என்ன செய்ய, இது அவுக கைக்குப் பழகின கல்லு" என்பாள். பொய்யில்லை. அந்தக் கல்லில் ஆச்சியின் தோள் இருந்தது. அவள் குனிகிற கோணம் இருந்தது.

வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை அம்மி தன் வேலையை மறந்துவிடும். "அம்மி வழுக்குதுலே, தேங்கா அரைய மாட்டேங்கு. கொத்துதவன் வந்தாம்னா கூப்பிடு" என்பாள் என்னிடம். சின்ன உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு, "அம்மி கொத்தலையோ, ஆட்டுரல் கொத்தலையோ" என்று கூவிக்கொண்டு ஒருவர் தெருவில் வருவார். திண்ணை நிழலில் உட்கார்ந்து டொக் டொக் என்று கல்லின் முகம் முழுவதும் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி வைப்பார். ஆச்சி முதலில் ஒரு பிடி அரிசியை அரைத்து வீசுவாள், கல்பொடி போக. அதற்குப் பிறகு தேங்காய் வெண்ணெயாக விழும்.

அந்த வயதில் எனக்கு இது விளங்கியதே இல்லை. வழவழப்பாக இருக்கிற கல்லைக் காசு கொடுத்து எதற்குச் சொரசொரப்பாக்க வேண்டும்? வழுக்குகிற கல்லில் எதுவும் அரையாது என்பது பிறகுதான் புரிந்தது. கல் கொஞ்சம் தடுக்க வேண்டும். கை கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். இரண்டும் உரசுகிற இடத்தில்தான் துவையல் பிறக்கிறது.

போனும் ஆரம்பத்தில் இப்படி வழுக்கவில்லை. நான் முதலில் வைத்திருந்தது பொத்தான் வைத்த நோக்கியா. அதே போனை வைத்திருந்த என் தம்பி ராத்திரி பகலாகப் பாம்பு விளையாடுவான். ஆறு மாதத்தில் அவனுடைய பொத்தான்களில் 2, 4, 6, 8 அழிந்துபோயின. என்னுடையதில் அழிந்தது வேறு எண்கள். அப்போது நான் அடிக்கடி அழைத்த ஒரு வீட்டின் எண்கள் அவை, அது தனிக்கதை. மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், இது யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. போனைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடலாம்.

வாங்கிய அன்று ராத்திரி, பழைய போனிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றத் தொடங்கினேன். இரண்டையும் சாப்பாட்டு மேசையில் அருகருகே வைத்தேன். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் புள்ளிகள் ஓடின. 1 மணி 10 நிமிடம் ஆகும் என்று எழுதிக் காட்டியது. அதுவரை இரண்டையும் தொட முடியாது.

கண்ணெதிரே இரண்டு போன், கையில் ஒன்றும் இல்லை. வெகுநாளைக்குப் பிறகு அப்படி உட்கார்ந்தேன். ஃபேன் ஓடியது. அடுத்த வீட்டில் குக்கர் விசில் போட்டது. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். எதிரில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்து, "அப்பா, முட்டியில என்ன தேய்க்கிறீங்க? வலிக்குதா?" என்றாள்.

குனிந்து பார்த்தேன். என் வலது கட்டைவிரல் முழங்கால் மேல், வேட்டித் துணியில், கீழிருந்து மேலே, கீழிருந்து மேலே போய்க்கொண்டிருந்தது. நான் அனுப்பவில்லை. தானாகவே போய்க்கொண்டிருந்தது. ஆச்சிக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தப்பிப் படுத்திருந்தபோது, இரண்டு கையும் போர்வைமேல் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருக்கும். அரைக்கிறாள் என்று அத்தை அழுவாள். ஆச்சிக்கு அந்த அசைவு வந்து சேர ஐம்பது வருஷம் ஆனது. ஊரில் அதற்குச் சாட்சி சொல்ல ஒரு கல்லும் இருந்தது.

கையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். சுண்டுவிரலில், போனின் கீழ்விளிம்பு உட்காருகிற இடத்தில், சின்னதாக ஒரு பள்ளம். அதற்குப் பிறகு தினமும் கவனிக்கிறேன். காலையில் அது கொஞ்சம் மேலெழும்பியிருக்கும், ராத்திரிக்குள் திரும்ப விழுந்துவிடும். வலியில்லை. ஆனால் அம்மியின் நடுவில் இருந்ததே, அதே மாதிரியான குழி. இடம்தான் மாறியிருக்கிறது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். அந்தக் கணக்கு நின்றது கல் தேயக்கூடியது என்ற நம்பிக்கையில். உரசுகிற இரண்டில் ஒன்று விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். பொட்டாசியத்தைத் திணித்து, பூச்சுப் பூசி, மேலே டெம்பரும் ஒட்டி, நாம் தேயாத கல் ஒன்றைச் செய்துவிட்டோம். எறும்போ ஊர்வதை நிறுத்தவில்லை. முன்னைவிட வேகமாக ஊர்கிறது. அப்படியென்றால் தேய்வது எறும்புதான்.

என் விரல் எங்குமே பதியவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. எந்தப் படத்தில் எத்தனை விநாடி நின்றேன், எதைப் பாதியில் தள்ளினேன், நள்ளிரவில் எதைத் தேடினேன் என்பதெல்லாம் குழிகுழியாக எங்கோ பதிந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த அம்மி என் வீட்டுப் பின்கட்டில் இல்லை என்பதுதான் வித்தியாசம். அதில் அரைபடுகிற துவையல் யார் இலைக்குப் போகிறது என்பதும் எனக்குத் தெரிவதில்லை.

இதையெல்லாம் எழுதுவதால் போனைத் தூக்கிப் போடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஊரில் இருக்கும் அம்மா, எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, கண்ணாடி இல்லாமல் பஞ்சாங்கம் படிக்கிறாள். பூக்காரம்மா ஸ்கேன் செய்யச் சொல்லி அட்டையை நீட்டுகிறாள். வாங்கிய மறுநாள் மொட்டை மாடியில் அதே போனில் நிலாவைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பியவன்தான் நானும். அம்மிக்குத் திரும்பிப் போகவேண்டும் என்றும் சொல்லமாட்டேன். அதில் அரைத்த பெண்களின் முதுகைக் கேட்டால் வேறு கதை சொல்லும். எங்கள் வீட்டில் மிக்ஸி வந்த அன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தவள் ஆச்சியேதான்.

போன் வந்த பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து முகவரி ஒன்று இருந்தது. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் சாலையில் விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கும் பெண் பிள்ளைகள். அவர்களைப் போன்றவர்கள் தங்குவதற்காக வல்லம் வடகாலில் 18,720 பேருக்கான விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு ஊரே குடியிருக்கிற எண்ணிக்கை. கையுறை மாட்டிய அந்த விரல்கள் ஒரு ரேகையும் விடாமல் செய்து கொடுத்ததைத்தான் நானும் ஒரு ரேகையும் விடாமல் வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். அம்மி கொத்தியவரின் உளிப்புள்ளிகளை மட்டும் எண்ணிச் சொல்லிவிடலாம்போல இருந்தது.

1 மணி 10 நிமிடம் என்றது, முடிய இரண்டு மணி நேரம் ஆனது. புதுப் போனைத் திறந்தேன். அதே படம், அதே வரிசை, படிக்காமல் விட்ட அதே செய்திகள், என்னை ஒருநாளும் எழுப்பியிராத அதே 5:30 மணி அலாரம். பழைய வீட்டின் கரப்பான் பூச்சியும் லாரியில் ஏறிப் புதுவீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. கட்டைவிரல் மட்டும் தெம்பாக மேலே ஏறத் தொடங்கியது.

ஒரு வாரம் கழித்துப் பழைய போனை விற்க ரிச்சி தெருவுக்குப் போனேன். சந்துக்குள் ஒரு கடை. உள்ளே ஆளுயரத்துக்கு உடைந்த டிஸ்பிளேக்கள். கடைக்காரர் போனை வாங்கி, டெம்பரைப் பிய்த்துக் கடாசிவிட்டு, டார்ச் அடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், ரத்தினக்கல் பார்ப்பவர் மாதிரி.

"எல்லாம் அழிச்சிட்டீங்களா சார்?"

"அழிச்சாச்சு."

"ஓரத்துல ஒரு கீறல் இருக்கே. 500 குறையும்."

எட்டிப் பார்த்தேன். கீழ் வலது மூலையில் ஒரு தலைமுடி அளவுக்கு இருந்தது. எப்படி விழுந்தது என்று உடனே தெரிந்துவிட்டது. போன வருஷம் பழைய டெம்பர் உடைந்து, புதிது ஒட்டாமல் திரிந்த ஒரு வாரம். மெரினாவில் மகள் பொறுக்கிய கிளிஞ்சலையெல்லாம் என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே வந்தாள், அதில்தான் போனும் இருந்தது. இந்தக் கண்ணாடியைச் சாவி லேசில் கீறாது. மணல் கீறும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் அதைவிடக் கடினம். கண்ணாடி பிறந்ததும் மணலில்தான்.

மூன்று வருஷம் வைத்திருந்த போனில் நான் வாழ்ந்ததற்கு இருந்த அடையாளம் அது ஒன்றுதான். அதற்குத்தான் கழிவு.

"ஒரு நிமிஷம் கொடுங்க" என்று வாங்கி, அந்த இடத்தில் நகத்தை வைத்து இழுத்தேன். வழவழவென்று வந்த நகம் கீறலில் தட்டி, ஒரு கணம் நின்று, பிறகு போனது. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். கடைக்காரர் கால்குலேட்டரோடு காத்திருந்தார்.

"சரி, குறைச்சுக்குங்க" என்றேன்.