எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்

பூங்காவில் விளக்கு எரியவில்லை என்றால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் குனிந்து பார்ப்பேன். சென்னையில் பூங்கா பூங்காவாகப் போய் மின்வேலை பார்க்கிறவனுக்குப் பாதிக்கு மேல் வேலை தரையில்தான். கம்பத்தின் உச்சியில் விளக்கு போவது எப்போதாவது. அடியில், முழங்கால் உயரத்தில் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸுக்குள் எறும்பு குடியேறுவது, பெருச்சாளி கேபிளைக் கடிப்பது, செடிக்கு அடிக்கிற தண்ணீர் உள்ளே புகுவது, இரும்பு மூடியை யாரோ கழற்றிக்கொண்டு போவது, இவைதாம் அன்றாடம்.

வீட்டு வயரிங் சுவருக்குள் இருக்கிறது. சுவர் வளராது. பூங்காவிலோ மின்சாரம் மண்ணுக்குள் போகிறது. மண் தினமும் நனைகிறது, காய்கிறது, வேர் ஓடுகிறது. ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பில் ஓம் விதி சொல்லிக் கொடுத்தார்கள். ஆலமரத்து வேரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

*

கேபிள் பதிக்க இரண்டரை அடி ஆழம் தோண்ட வேண்டும். அடியில் மணல் பரப்பி, இரும்புக் கம்பி சுற்றிய ஆர்மர்டு கேபிளை நீட்டி, மேலே மறுபடி மணல், அதற்கு மேல் வரிசையாகச் செங்கல், பிறகு மண். எத்தனையோ வருஷம் கழித்து யாரோ ஒருவர் அங்கே செடி வைக்கக் கடப்பாரை போடுவார். கேபிளுக்கு முன்னால் 'ணங்' என்று செங்கல் அவரைத் தடுக்க வேண்டும். அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் அத்தனை செங்கல்லும். அவர் யார், எப்போது வருவார் என்பது பதிக்கிறவனுக்குத் தெரியாது. செங்கல்லை மிச்சம் பிடிக்கிற ஆட்களும் உண்டு. மண்ணை மூடிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?

தோட்ட வேலை செய்யும் அக்கா ஒருவர் பார்த்திருக்கிறார். "அந்த மகிழ மரத்தாண்ட இருந்து சறுக்கு மரம் வரைக்கும் நேரா போவுது தம்பி. அங்கிருந்து குழாயைச் சுத்திக்கினு திரும்புது. குழி வெட்டினப்போ நான்தானே டீ வாங்கியாந்தேன்." அலுவலக வரைபடத்தில் கேபிள் குழாயைச் சுற்றுவதில்லை, நேராகப் போகிறது. நான் அக்கா சொன்ன இடத்தில்தான் தோண்டுவேன்.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது நகரம் முழுக்க ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. மறுநாள் காலை ஒரு பூங்காவுக்குள் நுழைந்தால், விழுந்து கிடந்த குல்மோகரின் வேர்த்தட்டு ஓர் ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. அதில் நாங்கள் பதித்த கேபிள் வேர்களோடு பின்னி மேலே வந்து தொங்குகிறது. செங்கற்களும் கூடவே. எது வேர், எது கேபிள் என்று தொட்டுப் பார்த்துப் பிரிக்க வேண்டியிருந்தது. கேபிள் போகிற தடத்தில் மண் இளகலாக இருக்கும். வேருக்கு அதுதான் வசதி. நாம் வெட்டிக் கொடுத்த பாதையிலேயே அது வளர்ந்திருக்கிறது. அதன்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

*

பூங்காவின் ஓரத்தில், யாரும் உட்காராத மூலையில், சிமெண்ட் மூடி போட்ட சின்னத் தொட்டி ஒன்று இருக்கும். பலர் அதைக் குப்பைத் தொட்டி என்று நினைத்து டீ கப்பைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அது எர்த் குழி. ஆள் உயரத்துக்கும் அதிகமான ஜி.ஐ. குழாய் ஒன்றை மண்ணில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கு அடுக்காகப் போட்டு மூடியிருப்பார்கள். கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். உப்பு மின்சாரத்துக்கு வழிவிடும். அதே உப்பு மெல்ல மெல்லக் குழாயை அரிக்கவும் செய்யும். இப்போது புதிதாகப் போடுகிற இடங்களில் கெமிக்கல் எர்த்திங் வந்துவிட்டது. பழைய பூங்காக்களில் இன்னும் கரியும் உப்பும்தான்.

இரும்புக் கம்பத்துக்குள் எங்காவது உரசிக் காப்பு போன வயர் கம்பத்தைத் தொட்டுவிட்டால், கம்பம் முழுக்க 230 வோல்ட். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை சுற்றி விளையாடும். அந்தப் பிள்ளையின் உடம்பைவிடச் சுலபமான வழி ஒன்று மின்சாரத்துக்கு இருந்தாக வேண்டும். அந்த வழிதான் இந்தக் குழி. சித்திரை, வைகாசியில் மண் இறுகிப் பாளம் பாளமாக வெடிக்கும்போது அந்த வழி குறுகிப்போகிறது. எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்த அண்ணன் கோடையில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் முதலில் எர்த் குழியின் மூடியைத் திறந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். அப்புறம்தான் பெட்டியைத் திறப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு ஊற்றுவார் என்று சொன்னால் அழகாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. பீடியை வாயில் வைத்துக்கொண்டுதான் ஊற்றுவார்.

நானும் ஊற்றுகிறேன். தண்ணீர் கீழே இறங்கும்போது காய்ந்த கரி 'சொர்' என்று உறிஞ்சும். குழாய்க்குள் காற்றுக் குமிழி வந்து உடையும். ஒரு நிமிஷம் நின்று கேட்கலாம். அந்த ஒரு நிமிஷம் வேலை நேரத்தில் சேர்த்திதான்.

*

எர்த் மட்டும் போதாது. பேனல் பெட்டிக்குள் ஆர்.சி.சி.பி. என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. வயரில் போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சரியாக இருக்கிறதா என்று கண் கொட்டாமல் கணக்குப் பார்ப்பது அதன் வேலை. 30 மில்லியாம்பியர் குறைந்தால், எங்கோ வழியில் ஒழுகுகிறது என்று அர்த்தம். இமைக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிடும். பழைய 60 வாட் குண்டு பல்பு எடுத்துக்கொள்வதில் அந்த 30 மில்லியாம்பியர் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான். பக்கத்திலேயே இருக்கும் எம்.சி.பி. வயர் கருகாமல் காப்பாற்றும். மனிதன் கருகுவது அதற்குத் தெரியாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுவதற்குள் ஓர் உயிர் எப்போதோ போயிருக்கும்.

மழைக்காலத்தில் இந்த ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும். அப்படி ஒரு மாலை. பூங்கா முழுக்க இருட்டு. தினமும் நடக்க வருகிற பெரியவர் ஒருவர் பெட்டி அருகில் வந்து நின்றார்.

"என்னப்பா, ஒரு மணி நேரமா இருட்டா கெடக்கு. அதைத் தாண்டி டைரக்டா குடுத்துட்டுப் போயேன். முன்னாடி இருந்தவர் அப்படித்தான் குடுப்பார்."

"எங்கேயோ லீக் ஆகுது சார். அதனாலதான் விழுது."

"லீக் இருக்கட்டும். லேடீஸ் நடக்கிறாங்க, இருட்டுல யாராவது விழுந்தா? செயினை அறுத்துட்டுப் போனா நீ பொறுப்பா?"

அவர் சொல்வதும் நியாயம். இருட்டும் ஓர் ஆபத்துதான். பெண்கள் அந்த நேரத்தில் தனியாக நடக்க ஒரு பூங்கா இருப்பதே விளக்கு எரிவதால்தான். ஆனால் இருட்டு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தெரிந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போகலாம். ஈரத் தரையில் நிற்கும் மின்சாரம் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரடியாகக் கொடுப்பதை நான் மன்னிக்க மாட்டேன். யார் சொன்னாலும் சரி, எந்த வி.ஐ.பி. வருகைக்காக என்றாலும் சரி.

ஒவ்வொரு லைனாகக் கழற்றி, காப்பைச் சோதிக்கும் மெக்கரை வைத்தேன். நல்ல கேபிள் நூற்றுக்கணக்கில் மெகா ஓம் காட்டும். மூன்று லைன் நன்றாக இருந்தது. நாலாவதில் முள் பூஜ்யத்தோடு ஒட்டிக்கொண்டது. ஊஞ்சல் பக்கம் போகிற லைன். புல் தரையில் இருக்கும் குட்டை விளக்கு ஒன்றின் அடியைத் திறந்தால், உள்ளே அரை டம்ளர் தண்ணீர், அதில் மிதக்கிற இரண்டு நத்தை. அதை மட்டும் பிரித்து வைத்துவிட்டு மற்றவற்றைப் போட்டேன். வெளிச்சம் வந்தது. "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே" என்றபடி பெரியவர் நடக்கப் போனார்.

பூங்கா முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. போடுவது மோசமான சிக்கனம். நீளமான கேபிளில் ஒவ்வொரு ஜாயிண்டிலும் துளித் துளியாக ஒழுகுவது சேர்ந்து, ஒரு குற்றமும் இல்லாமலே அது விழும். விழ விழ, பைபாஸ் பண்ணத் தோன்றும். லைன்வாரியாகத் தனித்தனியே போட்டுவிட்டால் ஒரு மூலைதான் இருட்டாகும்.

*

விளக்கு போடும் டைமரில் நேரத்தை மாற்றுவது எனக்குப் பிடித்த வேலை. சென்னையில் ஜூலை தொடக்கத்தில் சூரியன் மறைய 6.40 ஆகிவிடும். நவம்பர் கடைசியில் 5.40-க்கே மறைந்துவிடுகிறது. டிசம்பர் 21-தான் மிகக் குறுகிய பகல் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் மாலை மிகச் சீக்கிரம் இருட்டுவது அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே. காலை மிகத் தாமதமாக விடிவதோ பொங்கல் முடிந்த பிறகுதான். நடக்க வருகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. டைமர் திருப்புகிறவனுக்குத் தெரியும். புதிய டைமர்களில் ஊரின் அட்சரேகை தீர்க்கரேகையைக் கொடுத்துவிட்டால் அதுவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. பழையது கரண்ட் போனால் நின்றுவிடும், வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். பட்டப்பகலில் பூங்கா விளக்கு எரிவதைப் பார்த்துத் திட்டுகிறவர்களுக்குப் பாதி விடை இது. மீதிப் பாதி, நான் கேபிள் குற்றம் தேடிக்கொண்டிருப்பேன்.

தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் டைமருக்கு முன்னாலேயே மடங்கத் தொடங்கிவிடும். மேகம் கட்டினாலும் மடங்கும். விளக்கு போட்டதும், மடிந்த இலைகளின் இடுக்கு வழியாக வெளிச்சம் தரைக்கு இறங்குகிறது. பகலில் அதே மரத்தடி அடர்ந்த நிழல். கம்பத்துக்கு அருகில் எந்த மரம் என்று யோசித்து நட்டிருந்தால் எவ்வளவோ நல்லது. பெரும்பாலும் மரம் வைப்பவர் ஒருவர், கம்பம் நடுபவர் ஒருவர்; இருவரும் சந்தித்ததே இல்லை.

*

சோடியம் விளக்கு போய் எல்.இ.டி. வந்தாயிற்று. சோடியம் போட்டதும் எரியாது. முதலில் ஒரு மங்கல், நாலைந்து நிமிஷம் கழித்துத்தான் முழு மஞ்சள். அதன் அடியில் பச்சை இலை பழுப்பாகத் தெரியும், சிவப்புப் பந்தும் பழுப்பாகத் தெரியும். சோக் முனகும். முனகல் மாறினால் விளக்கு போகப் போகிறது என்று கீழே நின்றே சொல்லலாம். நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த நீலத்தின்மேல் மஞ்சள் பூச்சு பூசித்தான் இந்த வெள்ளை வெளிச்சம். மின்சாரம் வெகுவாக மிச்சம், மறுக்க முடியாது. ஆனால் எல்.இ.டி. முனகுவதில்லை. இடி இடித்த மறுநாள் உள்ளே இருக்கும் டிரைவர் சர்க்யூட் போய்விடும், அவ்வளவுதான். கழற்று, மாட்டு. சோக், இக்னைட்டர், கெப்பாசிட்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழுது கண்டுபிடித்த கைக்கு இதில் வேலை குறைவு.

ஷட்டில் விளையாடுகிற பையன்கள் இன்னும் இரண்டு விளக்கு கேட்கிறார்கள். விளக்குக்குக் குறைவில்லை அங்கே, இடம்தான் தப்பு. கோர்ட்டின் இரு கோடிகளிலும் வைத்தால், இறகுப்பந்தைப் பார்க்க நிமிர்கிறவன் கண்ணில் நேரே அடிக்கும். பக்கவாட்டில் வைக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகள் எதுவும் கேட்பதில்லை. எந்த பெஞ்சில் நிழல் விழாது என்று அவர்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். கம்பத்தில் விளக்கு மாற்றும்போது அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் கோணம் திருப்புவேன். குளத்தை ஒட்டிய மூலையில் பழந்தின்னி வௌவால் தொங்கும் மரங்கள் இருக்கின்றன. அங்கே விளக்கு வேண்டும் என்று மனு வந்தது. நடைபாதை அங்கே போகவில்லை, பெஞ்சும் இல்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

*

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதற்குள் எல்லாக் கம்பங்களின் அடிமூடியையும் பார்த்துவிட வேண்டும். மூடி காணாமல் போன இடத்தில், புதியது வரும்வரை பிளாஸ்டிக் ஷீட் சுற்றிக் கட்டுகிறோம். அது சரியான வேலை அல்ல, எங்களுக்கும் தெரியும். கண்ணில் படாத மூடிகள் இன்னும் இருக்கும்.

பூங்காவுக்கு வருகிறவர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். மழை பெய்கையில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், பிள்ளைகளைச் சாய விடாதீர்கள், கொடி கட்டாதீர்கள், நாயைக் கட்டாதீர்கள். அடிமூடி திறந்து வயர் வெளியே தெரிந்தால் நீங்களே உள்ளே தள்ளிவிட முயல வேண்டாம். சென்னை மாநகராட்சிக்குப் புகார் எண் 1913. பூங்காவின் பெயரும் கம்பத்தில் பெயிண்டால் எழுதியிருக்கும் எண்ணும் சொன்னால், வருகிற ஆள் நேரே அங்கே வந்துவிடுவான்.