மனநோயாளியும் காவல் நிலையமும்: ஜமாஅத் செய்ய வேண்டியது



உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஒரு பெண் விபச்சாரக் குற்றத்திற்காகக் கொண்டுவரப்படுகிறார். ஆலோசனை நடந்து, தண்டனையும் தீர்ப்பாகிவிட்டது. வழியில் அலீ (ரலி) அவர்கள் பார்த்து விசாரிக்கிறார்கள். புத்தி பேதலித்த பெண் என்று தெரிந்ததும் திருப்பி அழைத்துப் போகச் சொல்லிவிட்டு, நேரே கலீஃபாவிடம் போகிறார்கள். பைத்தியம் தெளியும் வரை ஒருவர் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற நபிமொழியை நினைவூட்டுகிறார்கள். உமர் (ரலி) அவர்கள் அப்பெண்ணை விடுவித்து, தக்பீர் சொன்னார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி.

உமர் (ரலி) அவர்களுக்கே விவரம் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. நம் ஊர் ஸ்டேஷனில் ராத்திரி டூட்டியில் இருக்கும் காவலருக்கு யார் சொல்வது?

நாம் என்ன செய்கிறோம்? வீட்டுப் பிள்ளை பொருட்களை உடைக்கிறான், கத்தியை எடுக்கிறான். 100-க்குப் போன் போட்டு, "குடிச்சிட்டு ரகளை பண்றான்" என்கிறோம். மூன்று வருடமாக மாத்திரை சாப்பிட்டவன், பத்து நாளாக நிறுத்திவிட்டான் என்று சொல்வதில்லை. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிறோமாம்! ரவுடி என்று நினைத்துத்தான் போலீஸ் வரும். பிறகு அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாக இருக்கிறது. அதன் 100-வது பிரிவு (இதுவும் 100 தான், மறக்காது) சொல்கிறது: மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிபவரையும், தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகக்கூடியவரையும் காவல் நிலைய அதிகாரி பாதுகாப்பில் எடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கவே கூடாது. சங்கிலியால் கட்டுவதும் சட்டப்படி தடை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீயில் 28 உயிர்கள் போயின. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு ஓதாதீர்கள்.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987-இல் ஒரு மனநோயாளியைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அடுத்த ஆண்டே போலீஸும் மருத்துவர்களும் நோயாளிகளின் குடும்பங்களும் ஒன்றாக உட்கார்ந்து, காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி ஏற்படுத்தினார்கள். பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஜமாஅத்துகளால் முடியாததா?

நம் யோசனை இதுதான். மஹல்லாவுக்கு இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். பிரச்சினை வருவதற்கு முன்பே இன்ஸ்பெக்டரையும் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரையும் ஒன்றாகச் சந்திப்பது. போன் வந்தால் போலீஸோடு நம் ஆளும் போவது. என்ன நோய், என்ன மருந்து, யார் சொன்னால் கேட்பான் என்று சொல்வது. கூட்டத்தைக் கலைப்பது, செல்போன் வீடியோவை நிறுத்துவது. தெருவில் திரிபவர் எந்த மதத்தவர் என்று பார்க்க வேண்டாம். மனம் சரியில்லாத ஒரு பெண் பேச வேண்டும் என்றபோது, எந்தத் தெருவில் நிற்கலாம் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். பேசி முடிக்கும் வரை கூடவே நின்றார்கள் (முஸ்லிம்).

ஆனால் ஒன்று. நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை ஸ்டேஷனில் கொடுக்கப் போவதில்லை. அது அமானத். குடும்பம் சம்மதித்தால், தேவைப்படும் நேரத்தில் மட்டும் சொல்வோம்.

ஆபத்து இல்லாத நிலையில் 14416, டெலி மானஸ். இரவிலும் தமிழில் பேசலாம்.

தொழுகை முடிந்ததும் இங்கேயே உட்காருகிறோம். வீட்டில் இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் வரத் தயங்குபவர்கள் அஸருக்குப் பிறகு என் அறைக்கு வாருங்கள். பெயரை எங்கும் எழுத மாட்டேன்.