நல்லெண்ணம் போதுமா?

நல்லதை எண்ணிச் செய்த ஒன்று தீதாய் முடிந்தால், செய்தவருக்கு அதில் பங்கு உண்டா? இவ்வினாவை நூல்களில் பலமுறை படித்திருக்கிறோம். வேகவதி ஆற்றங்கரையில் ஒரு வெள்ளாட்டின் வாயில் தைத்த முள்ளாக அது நம் முன் வந்து நிற்கும் என்று எண்ணியதில்லை.

நமது இல்லத்து மாடியில் ஏழாண்டுகளாக ஒரு சப்பாத்திக்கள்ளி வளர்ந்து வருகிறது. நாகதாளி என்றும் அதனைச் சொல்வர். விடியலிலேயே பட்டுத்தறிகளின் ஓசை எழும் தெரு நம்முடையது. துளசியும் நந்தியாவட்டையும் வளர்க்கும் அயலாருக்கு, முட்செடி ஒன்றை ஒருவர் விரும்பி வளர்ப்பது விளங்காத செயலாகவே இருந்தது. நாம் வைத்த முதற்செடி இரண்டு மாதங்களில் அழுகிப்போயிற்று. காலையும் மாலையும் நீர் ஊற்றியதே காரணம். பகல் வெயிலில் தன் நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் அவற்றைத் திறந்து காற்றை வாங்கும் பாலைநிலச் செடி அது. நாம் இலை என்று எண்ணும் தட்டையான மடல் உண்மையில் தண்டு; இலைகள் முட்களாய்ச் சுருங்கிவிட்டன. இவ்வளவு சிக்கனமாக வாழும் உயிருக்கு நாம் காட்டிய தாராளம் நஞ்சாயிற்று.

பிறகு கற்றுக்கொண்டோம். செம்மண்ணோடு ஆற்றுமணலும் செங்கல் துண்டுகளும் கலந்து, அடியில் நல்ல துளையுள்ள தொட்டியில் இட வேண்டும். வெட்டிய மடலை உடனே நடாமல், வெட்டுவாய் காயும்வரை ஒரு வாரம் நிழலில் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். கோடையில், மண் முற்றிலும் காய்ந்தபின் ஒருமுறை நீர் விட்டால் போதும். இரண்டாம் செடி பிழைத்தது, செழித்தது. மஞ்சள் மலர்கள் விரிந்தபோது, முகஞ்சுளித்த அயலாரும் மாடியேறி வந்து பார்த்தனர். கேட்டவர்களுக்கெல்லாம் நடும் முறையைச் சொல்லிக் கொடுத்தோம்.

செழித்ததைக் கத்தரிக்க வேண்டுமல்லவா? வெட்டிய மடல்களைக் குப்பைத்தொட்டியில் போட்டால் துப்புரவுப் பணியாளர்களின் கைகளில் முள் ஏறும் என்று இரங்கினோம். பெரிய முள்ளையேனும் பிடுங்கிவிடலாம். அதன் அடியிலுள்ள மயிர்முட்கள் தோலில் புகுந்தால் எடுப்பது அரிது. ஆகவே சாக்கில் கட்டி, ஆள் நடமாட்டமில்லாத ஆற்றோரமாகக் கொண்டுபோய்க் கொட்டினோம். மூன்று ஆண்டுகள் இப்படிச் செய்தோம்.

தெருமுனையில் ஒரு முதிய நெசவாளர் வாழ்கிறார். கண்பார்வை மங்கியதால் தறியை மகனிடம் விட்டவர். அவர் மனைவி நான்கு ஆடுகள் வளர்க்கிறார். ஒருநாள் மாலை வாயிலில் வந்து நின்று, "ஆத்தங்கரையில மொளச்சிருக்கிறது உங்க வீட்டுச் செடிதானே, சார்?" என்று கேட்டார். ஓர் ஆட்டின் வாய் வீங்கி, மூன்று நாட்களாக அது இரை எடுக்கவில்லை. அவருடைய குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் நமக்கு எளிதாயிருந்திருக்கும்.

எறிந்த மடல் காடாகும் என்பது தமிழகத்திற்குப் பழைய செய்தி. கள்ளி என்றாலே நம் மண்ணின் செடி என்று கருதுவோர் பலர். பழந்தமிழ்ப் பாலைத்திணையில் வரும் கள்ளி, ஒடித்தால் பால் வடியும் வேறு இனம். சதுரக்கள்ளி அவ்வகையைச் சேர்ந்தது. சப்பாத்திக்கள்ளியை ஒடித்தால் பால் வராது. கொழகொழப்பான நீரே கசியும். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். கடல் கடந்து இவ்வினம் வந்த வழிகள் பல. அவற்றுள் ஒன்று சிவப்பு நிறத்தின்மேல் மாந்தர் கொண்ட ஆசை.

மெக்சிகோ நாட்டு மக்கள் கள்ளி மடல்களில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சியை உலர்த்திச் செஞ்சாயம் எடுத்தனர். ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். இவ்வணிகம் ஸ்பெயின் நாட்டார் கையில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், அதனை இங்கே உண்டாக்க விரும்பி, 1780களின் இறுதியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்றை அமைத்தார். பட்டுப்புழு வளர்ப்பையும் பரப்ப முயன்றவர் அவர். சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் அவருக்குச் சிலை உண்டு. 1795-இல் நீல்சன் என்னும் கப்பல் தலைவர் பிரேசிலிலிருந்து வங்காளத்திற்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். ஆனால் வந்தது உயர்ந்த சாயப்பூச்சி அன்று. அதனைப் போலிருந்த தாழ்ந்த இனம். சாயத்தொழில் தேறவில்லை. பூச்சியோ, நாட்டில் மண்டிக்கிடந்த ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. அதைக் கண்டு 1836-38-இல் தென்னாட்டிற்கும், பின்னர் இலங்கைக்கும் வேண்டுமென்றே அதனைக் கொண்டுசென்றனர். பூச்சியைக் கொண்டு களையை ஒழிக்கும் முறைக்கு உலகில் இதுவே முதல் எடுத்துக்காட்டு என்பர். நிறத்திற்காக வந்தது, நிறத்தைத் தராமல், யாரும் கேளாத வேறொரு பயனைத் தந்தது!

நம் மாடியிலுள்ள மஞ்சட்பூக் கள்ளியை அப்பூச்சி தொடவில்லை. அது மேய்ச்சல் நிலங்களில் தொடர்ந்து பரவியது. 1926-இல் இலங்கையிலிருந்து மற்றோர் இனப் பூச்சி தருவிக்கப்பட்ட பின்னரே, சில ஆண்டுகளில் பெருமளவு அடங்கிற்று. முதிய நெசவாளருக்கு இது செவிவழிச் செய்தியாய்த் தெரிந்திருந்தது. "வெள்ளைப் பஞ்சு மாதிரி அப்பிக்கிட்டு இருக்கும், நசுக்கினா ரத்தமா வரும்னு அப்பா சொல்வாரு" என்றார். காஞ்சிப் பட்டின் அரக்கு நிறம் பெயர் பெற்றதும் ஒரு பூச்சியால்தான். அது நம் நாட்டு அரக்குப்பூச்சி. இன்று பெயர் நிலைத்திருக்க, சாயம் பெரும்பாலும் இரசாயனமாகிவிட்டது.

நன்மையாய் முடிந்ததும் அப்படியே நிற்பதில்லை. ஆஸ்திரேலியாவில் கள்ளிக்காடுகளை அழித்த அர்ஜென்டீன அந்துப்பூச்சிக்கு நன்றியாக 1936-இல் ஒரு மண்டபமே கட்டினர். அதே பூச்சியை 1957-இல் கரிபியத் தீவுகளில் விட்டனர். 1989-இல் அது அமெரிக்காவின் புளோரிடாவில் காணப்பட்டது. 2006-இல் மெக்சிகோவின் தீவொன்றை எட்டியது. அங்கே கள்ளி களை அன்று, உணவு; மக்கள் அரும்பாடுபட்டு அத்தீவிலிருந்து பூச்சியை ஒழித்தனர்.

இவர்களையெல்லாம் எங்ஙனம் தீர்ப்பது? விளைவை மட்டும் நோக்கினால் ஆண்டர்சன் ஒரு நூற்றாண்டில் குற்றவாளி, மறு நூற்றாண்டில் கொடையாளி. நோக்கத்தை மட்டும் நோக்கினால், நல்லெண்ணம் உடைய எவருக்கும் எதற்கும் பொறுப்பில்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு கோடு கிழிக்கிறார். ஒரு செயலிலிருந்து இயல்பாகவும் பெரும்பாலும் தொடரும் விளைவு அச்செயலின் நன்மை தீமையோடு சேரும். தற்செயலாய், அரிதாய் நேர்வது சேராது. ஆண்டர்சனுக்கும் நீல்சனுக்கும் இக்கோடு ஓரளவு புகலிடம் தரலாம்.

நமக்குத் தரவில்லை. வெட்டிய மடல் வேர்விடும் என்று ஊராருக்குக் கற்பித்தவர் நாமே. இன்னொன்றும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. இரண்டாம் ஆண்டு சாக்குடன் சென்றபோது, முந்தைய ஆண்டு மடல்கள் நிமிர்ந்து துளிர்விட்டிருந்ததைக் கண்டோம். கண்டு மகிழ்ந்தோம்! அவற்றின் அருகிலேயே மற்றதையும் கொட்டிவிட்டு வந்தோம்.

துப்புரவுப் பணியாளர்பால் கொண்ட இரக்கம் பொய்யன்று. ஆனால் அவர்கள் நாள்தோறும் நம் வாயிலுக்கு வருபவர்கள், முகம் தெரிந்தவர்கள். ஆற்றங்கரையை நாம் 'ஆள் நடமாட்டமில்லாத இடம்' என்றோம். அங்கே காலை முதல் மாலை வரை ஒரு மூதாட்டி நான்கு ஆடுகளோடு நடமாடிக்கொண்டிருந்தார். அவரை நாம் ஆளாக எண்ணவில்லை என்பதே அச்சொல்லின் பொருள். கள்ளி முளைக்கும் என்பதை அறியாமை என்று சொல்ல முடியாதது போலவே, இதையும் சொல்ல முடியவில்லை.

மறுவாரம் மண்வெட்டியும் நீண்ட இடுக்கியுமாகச் சென்று, வேரோடு தோண்டி எடுத்தோம். பெரியவரின் மகனும் பேரனும் உடன் வந்தனர். இரண்டு நாள் வேலை. மடல் வெயிலில் கிடந்தும் எளிதில் சாவதில்லை. ஆகையால் நம் வீட்டுப் பின்புறத்திலேயே ஆழக் குழிவெட்டிப் புதைத்தோம். ஆட்டுக்கான மருந்துச் செலவைப் பெரியவர் வாங்கிக்கொண்டார். மேலே வைத்ததைத் திருப்பித் தந்துவிட்டார். ஆடு பிழைத்துவிட்டது. உதிர்ந்த துண்டுகள் எங்கேனும் கிடக்கக்கூடும் என்பதால், மழை நின்றதும் ஆண்டுதோறும் ஒருமுறை கரைக்குச் சென்று பார்த்து வருகிறோம்.

குழியை மூடும் முன், பேரன் ஒரு மடலைக் கேட்டான். தன் வீட்டு மாடியில் வைக்கப்போகிறானாம். நாம் பெரியவரின் முகத்தைப் பார்த்தோம். அவர், "கேக்கிறானே, குடுங்க சார். வெட்டினதை எங்க போடணும்னு அதையும் சேத்துச் சொல்லிக் குடுங்க" என்றார்.