இல்லாததை அறிவது எப்படி?

பழுதுபார்க்க மேசைக்கு வரும் கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் எது கெட்டது என்று தேடும் முன்பே ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: உள்ளே மின்சாரம் இல்லை என்று எதை வைத்துச் சொல்வது? பிளக்கைப் பிடுங்கியாயிற்று என்பது விடையாகாது. வால்வு ஆம்ப்ளிஃபையருக்குள் 300 முதல் 500 வோல்ட் வரை டி.சி. மின்சாரம் இருக்கும். இணைப்பை எடுத்த பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத அந்த மிச்சம் ஆளைக் கொல்லப் போதுமானது.

இல்லாமையை அறிவது பற்றிய வழக்கு இந்தியத் தத்துவத்தில் மிகப் பழையது. குமாரில பட்டரின் மீமாம்சை, காணாமையை அறிவுக்கு வழியாகும் ஒரு தனி அளவையாகவே கொண்டது. இல்லாமையும் காட்சியிலேயே பிடிபடும், தனி அளவை வேண்டாம் என்றது நியாய மரபு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில் அபாவம் (இல்லாமை) உள்ளிட்ட பத்து அளவைகளைச் சொல்லி, அனைத்தையும் காண்டல் (நேர்க்காட்சி), கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றில் அடக்கினார். மீமாம்சையும் நியாயமும் ஒரு நிபந்தனையில் ஒன்றுபடுகின்றன: பொருள் இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். வெளிச்சத்தில் தரையைப் பார்த்துக் குடம் இல்லை எனலாம். இருட்டில் சொன்னால் அது அறிவாகாது.

மேசையின் மேல் இந்த நிபந்தனை உயிர் காக்கிறது. மல்டிமீட்டர் பூஜ்யம் காட்டுவது மின்னழுத்தம் இல்லாததாலும் இருக்கலாம். மீட்டரின் வயர் உள்ளே அறுந்திருப்பதாலும், குமிழ் ஏ.சி.யில் நிற்பதாலும் இருக்கலாம். ஆகவே மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த ஓரிடத்தில் முதலில் மீட்டரை வைக்க வேண்டும், பிறகு கெப்பாசிட்டரில், மறுபடியும் தெரிந்த இடத்தில். முன்னும் பின்னும் சரியாகக் காட்டினால்தான் நடுவில் கண்ட பூஜ்யம் சாட்சியாகும்.

மின்னேற்றத்தை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து இறக்கக் கூடாது. இன்சுலேஷன் உள்ள கிளிப்புகளால் 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி மெல்ல இறக்க வேண்டும். இங்கே தத்துவத்துக்கு ஒரு சிக்கல் எழுகிறது. அழிந்த பின் வரும் இல்லாமைக்கு முடிவில்லை என்பது நியாயக் கொள்கை. ஆனால் இறக்கிவிட்ட கெப்பாசிட்டரில் சற்று நேரத்தில் மின்னழுத்தம் தானே ஓரளவு திரும்புகிறது. உள்ளிருக்கும் மின்கடத்தாப் பொருள் மின்னேற்றத்தின் ஒரு பகுதியை விடாமல் வைத்திருப்பதே காரணம். அழிந்ததாகத் தோன்றியது அழியவே இல்லை, மீட்டருக்கு மறைந்திருந்தது. கொள்கை தப்பித்துக்கொள்கிறது, ஆனால் ஒருமுறை கண்ட பூஜ்யம் போதாது. வேலை முடியும்வரை ரெசிஸ்டரைக் கழற்றாமல் விடுவது அதனால்தான்.

திரும்ப மின்சாரம் கொடுக்கையில் கருதல் அளவைக்கு இடம் வருகிறது. வழியில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரியலாக இணைத்தால், பளிச்சென்று எரிந்து மங்குவது கெப்பாசிட்டர் நிரம்புவதைக் காட்டும். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் என்று கருதலாம்.

உரையை அளவையாக ஏற்காதவர்களுக்கு இந்தத் தொழில் வலுவான மறுப்பு. ஆடிப்பூரத்துக்கும் ஊர்ப் பொங்கலுக்கும் மைக் செட் ஓயாமல் ஓடும் வன்னியம்பட்டி, திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் பக்கத்தில் ஆம்ப்ளிஃபையரைத் திறக்கப் பழகும் பையனுக்கு, அளக்கும்போது ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள் என்ற மூத்தவர் சொல் போதுமான ஆதாரம். இரு கைக்கும் இடையே பாயும் மின்சாரம் நெஞ்சைக் கடந்து போகும் என்பதை அவன் கண்டறிந்து நம்ப முடியாது. வால்வு ஆம்ப்ளிஃபையரை ஸ்பீக்கரோ அதற்கு ஈடான ரெசிஸ்டரோ மாட்டாமல் ஓட்டாதே என்பதும் அப்படிப்பட்ட சொல்தான்: சுமையில்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எழும் உயர் மின்னழுத்தம் அதன் இன்சுலேஷனைத் துளைத்துவிடக்கூடும்.