எண்ணத் தொடங்குமுன்

எழுத்தை வரையறுத்த விதிகளின்படி பகுத்து, வகைப்படுத்தி, எண்ணி, எழுதியவரின் மனநிலை போன்றவற்றைப் பற்றித் துணிவது உள்ளடக்கப் பகுப்பாய்வு. எண்ணிக்கையே இம்முறையின் உயிர் எனப் பலர் கருதுவர். எண்ணத் தொடங்குமுன் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தே ஆய்வின் தரம் அமையும் என்பது என் துணிபு. புகழ்பெற்ற ஓர் ஆய்வைக் கொண்டு இதைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் தலைமையில் நடந்த ‘கன்னியர் ஆய்வில்’ ஒரே துறவற சபையைச் சேர்ந்த 678 மூத்த அருட்சகோதரிகள் பங்கேற்றனர். அவர்களுள் பலர் இளமையில், வார்த்தைப்பாடு கொடுக்கும் காலத்தை ஒட்டி, தம் வாழ்க்கைக் குறிப்பைக் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார்கள். மில்வாக்கி, பால்டிமோர் மடங்கள் காத்துவைத்திருந்த அத்தகைய 180 குறிப்புகளை டெபோரா டானரும் ஸ்னோடனும் வாலஸ் ஃப்ரீசெனும் ஆராய்ந்து 2001-இல் முடிவை வெளியிட்டனர். எழுதியபோது அப்பெண்களின் சராசரி வயது 22.

வினாத்தாளை நிரப்புபவர் ஆய்வாளரை மனத்தில் இருத்தியே விடை தருகிறார். இக்குறிப்புகளுக்கு அக்குறை இல்லை. ஆனால் வேறொரு வாசகர் இருந்தார். பிறந்த ஊர், பெற்றோர், படித்த பள்ளி, துறவுக்கு ஈர்த்த காரணம் ஆகியவற்றைச் சபையின் மேலிடத்துக்கு எழுதும் இளம்பெண் தன் சலிப்பையும் சினத்தையும் அங்கே கொட்டுவாளா? எதிர்மறை உணர்ச்சிகள் அக்குறிப்புகளில் அரிதாகவே தென்பட்டன. தாளில் இல்லாதது மனத்திலும் இல்லை என்று கொள்ள இடமில்லை.

அடுத்தது, எதை எண்ணுவது? சொல்லையா, வாக்கியத்தையா? ‘மகிழ்ச்சி’ என்ற சொல் வந்த இடமெல்லாம் மகிழ்ச்சி ஆகாது. “மகிழ்ச்சியே அறியாத வீடு” என்பதிலும் அச்சொல் உண்டு. ஆகவே சூழல் நோக்கி வகை பிரிக்கும் விதிகளை முன்னரே எழுதிவைக்க வேண்டும். இருவர் தனித்தனியே அவற்றைப் பின்பற்றிக் குறிக்க வேண்டும். இருவரும் ஒத்துப்போவது மட்டும் போதாது. நூறு வாக்கியங்களுள் தொண்ணூறை ‘உணர்ச்சி அற்றவை’ என இருவரும் படிக்காமலே, மனம்போன போக்கில் குறித்தாலும், ஏறத்தாழ 82 இடங்களில் அவர்கள் ஒத்துப்போவார்கள். தற்செயலான இந்த ஒற்றுமையைக் கழித்து மீதியை மட்டும் மதிக்கும் அளவையை ஜேக்கப் கோயன் 1960-இல் வகுத்தார். ‘காப்பா’ என்பது அதன் பெயர். அதைத் தராமல் வெறும் சதவீதத்தை மட்டும் தரும் கட்டுரையை நான் ஐயத்தோடுதான் படிப்பேன்.

டானர் குழு கண்டது இது: நேர்மறை உணர்ச்சி மிகக் குறைவாக இருந்த கால்பங்கினரின் இறப்பு அபாயம், மிகுதியாக இருந்த கால்பங்கினரின் அபாயத்தைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு. உணவு, உறையுள், தொழில், மருத்துவ வசதி எல்லாம் பெரும்பாலும் ஒன்றாக அமைந்தவர்கள் என்பதால் இந்த வேறுபாட்டுக்கு எடை கூடுகிறது. ஆயினும் இது தொடர்பைக் காட்டுகிறதேயன்றி, மகிழ்ச்சியே ஆயுளை நீட்டியது என்று நிறுவவில்லை. உடல்நலமோ பிறவி இயல்போ இரண்டுக்கும் வேராக இருக்கலாம்.

இதே தொகுப்பைச் சேர்ந்த குறிப்புகளில் ஸ்னோடன் குழு 1996-இலேயே வேறொன்றை எண்ணியிருந்தது. பத்துச் சொற்களுக்கு எத்தனை கருத்துகள் என்பதே அப்போதைய அலகு. இளமையில் அந்த அடர்த்தி குறைவாக இருந்தவர்களுக்கு முதுமையில் அறிதிறன் குன்றுவதும் அல்சைமர் நோயும் கூடுதலாகக் காணப்பட்டன. அந்தக் கணக்கில் மகிழ்ச்சியைச் சொல்லும் வாக்கியத்துக்கும், பெற்றோர் பெயரைச் சொல்லும் வாக்கியத்துக்கும் அளவுகோல் ஒன்றே.