காத்திருப்பும் நிறைவும்: சிமியோனின் மகிழ்ச்சி பற்றிய ஒரு நோக்கு

நெடுங்காலம் எதிர்பார்த்த ஒன்று கைகூடும்போது மனிதன் அடையும் மகிழ்ச்சியின் இயல்பு யாது? வேண்டியதைப் பெற்றுவிட்ட இன்பம் மட்டுந்தானா அது? இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பும் நிகழ்ச்சியொன்று லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்திலே காணப்படுகின்றது.

எருசலேமில் வாழ்ந்த சிமியோன் இஸ்ரவேலின் ஆறுதலை எதிர்நோக்கியிருந்த நீதிமான். மெசியாவைக் காணுமுன் சாவதில்லை என்னும் வாக்கு அவருக்கு அருளப்பட்டிருந்தது. மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொணர்ந்தபோது, அவர் அதனைக் கைகளில் ஏந்தி இறைவனைப் போற்றினார். மீட்பைத் தம் கண்கள் கண்டுவிட்டமையால் இனி அமைதியுடன் விடைபெறலாம் என்பதே அவர் கூற்றின் சாரம்.

அவர் உண்மையிற் கண்டது யாது என்பது ஆராயத்தக்கது. கி.மு. 63இல் பொம்பே எருசலேமைக் கைப்பற்றியது முதல் யூதர் உரோமரின் மேலாதிக்கத்துக்கு உட்பட்டிருந்தனர். அன்றைய தினம் அந்நிலையில் எம்மாற்றமும் நிகழ்ந்துவிடவில்லை. பெற்றோர் செலுத்த வந்த காணிக்கையோ ஒரு சோடிப் பறவைகள். ஆட்டுக்குட்டி கொடுக்க இயலாத வறியோருக்கு மோசேயின் சட்டம் விதித்த காணிக்கை அது. சிமியோன் கண்டது பேசவும் அறியாத ஓர் ஏழைக் குழந்தையை. தொடக்கத்தையே அவர் நிறைவாகக் கொண்டார்.

1677இல் வெளியான 'அறவியல்' என்னும் நூலிலே ஸ்பினோசா, முடிவு பற்றி ஐயமுள்ள ஒன்றைக் குறித்த எண்ணத்தால் எழும் நிலையற்ற மகிழ்ச்சியே நம்பிக்கை என்றும், ஐயம் அகலின் அது உறுதிப்பாடாகும் என்றும் விளக்கினார். சிமியோனின் ஐயமின்மையை இவ்விளக்கம் ஓரளவு தெளிவாக்கும். ஆனால், நலம் வருவது உறுதியானபின் அதனைத் துய்க்க மேலும் வாழ விரும்புதலே மனித இயல்பு. சிமியோனோ விடைபெற விரும்புகின்றார். இதற்குக் காரணம் யாது?

13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தோமஸ் அக்குவைனாஸ், மகிழ்ச்சி அன்பிலிருந்து பிறப்பது என்றார். அன்புக்குரியது தன்னருகே இருப்பதால் மட்டுமன்றி, அன்புக்குரியவர் நலமுற்றிருப்பதாலும் ஒருவன் மகிழ்வான். சிமியோனின் மகிழ்ச்சியில் இவ்விரண்டாம் வகையே மேலோங்குகின்றது. அவர் எதிர்நோக்கியது மக்களின் ஆறுதலை. அவர் போற்றியதும் பிற இனத்தாருக்கும் ஒளியாக வரும் மீட்பை. தமக்கென அவர் வேண்டிய பங்கு காண்பது ஒன்றே. மோசேயும் நேபோ மலையினின்று வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்டார். ஆயின் அதனுள் செல்ல இறைவனிடம் மன்றாடி மறுக்கப்பட்டவர் அவர். மோசேக்கு மறுப்பாக அமைந்த அதே எல்லை சிமியோனுக்குக் கொடையாக அமைந்தது. வேறுபாடு பார்வையில் அன்று, வேண்டுதலில் உளது.

இத்தகைய மகிழ்ச்சி, கொடுமை நீடிக்கையில் மனத்தை அடக்கி வைக்கும் எளிய திருப்தியாகாதா என ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. ஆயின் சிமியோன் போராட்டம் முடிந்துவிட்டதென உரைக்கவில்லை. அக்குழந்தை எதிர்க்கப்படும் அடையாளமாகும் என்றும், தாயின் உள்ளத்தை வாள் ஊடுருவும் என்றும் அவரே முன்னுரைத்தார். அவர் நின்ற ஆலயமும் கி.பி. 70இல் உரோமரால் அழிக்கப்பட்டது. துன்பத்தை மறைக்காத மகிழ்ச்சி துன்பத்துக்கு உடன்பட்ட மகிழ்ச்சியாகாது.

தன் ஆயுளுக்குள்ளேயே அனைத்தும் நிறைவேற வேண்டும் எனக் கோருபவன், தாமதத்தைத் தோல்வியாகக் கருதி மனங்கசக்கின்றான். அல்லது அவசரத்தாற் பிறரை வருத்துகின்றான். நிறைவு தன்னுடையதாக வேண்டும் என்னும் கோரிக்கையைக் கைவிடுபவன் நன்மையைக் கைவிடுவதில்லை. சிமியோன் வாழ்நாளெல்லாம் காத்திருந்தது ஆறுதலுக்காகவே. அது வந்தபோது, அதன் வளர்ச்சியைப் பிறர் காண்பர் என்னும் அறிவே அவருக்குப் போதுமானதாயிற்று.