பயணம் தூரமா, சிரமமா?

சென்னையிலிருந்து ஜித்தா நேர்கோட்டில் சுமார் 4,450 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் போய்விடலாம். ஹஜ்ஜுக்குப் போகும் ஹாஜிகள் பம்பாயில் கப்பலேறிய காலத்தில் கடலில் மட்டும் ஒரு வாரத்துக்கு மேல் கழியும். அந்தக் கப்பல் போக்குவரத்து 1995இல் நின்றது. தூரம் குறையவில்லை, நேரம்தான் குறைந்தது. அதனால் இஸ்லாமியச் சட்டத்தின் பழைய கேள்வி ஒன்று மறுபடி எழுந்தது: பயணம் என்பது தூரமா, சிரமமா?

முஸாஃபிர் எனப்படும் பயணிக்குச் சலுகைகள் உண்டு. நான்கு ரக்அத் (தொழுகைச் சுற்று) உள்ள லுஹர், அஸர், இஷா தொழுகைகளை இரண்டிரண்டாகச் சுருக்கித் தொழலாம். இதற்குக் கஸ்ர் என்று பெயர். ரமலான் நோன்பையும் விட்டுவிட்டுப் பிறகு களாவாக நோற்கலாம். இந்தச் சலுகைக்கு எவ்வளவு தொலைவு போக வேண்டும்? ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) இரண்டு மர்ஹலா, அதாவது சுமையேற்றிய ஒட்டகத்தின் இரண்டு நாள் நடை. ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் பயணம். பின்னால் வந்தவர்கள் இவ்விரண்டு அளவையும் ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர் என்று கணக்கிட்டார்கள். மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யாவோ (1263–1328) எண் எதுவும் வேண்டாம், மக்கள் வழக்கில் எது பயணமோ அதுவே பயணம் என்றார்.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு எண்பது கிலோமீட்டர் ஆறு நிமிடம்கூட ஆகாது. இருக்கையில் சாய்ந்து தேநீர் குடிப்பவருக்கு எதற்குச் சலுகை?

சட்ட அறிஞர்கள் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். சட்டத்தின் காரணம் வேறு, அதன் நோக்கம் வேறு. சிரமத்தைக் குறைப்பது நோக்கம். சலுகைக்குக் காரணமோ பயணம். பரிவாரத்தோடு சொகுசாகப் போகும் அரசனும் கஸ்ர் தொழலாம். உள்ளூரில் நாளெல்லாம் மூட்டை தூக்குபவர் முழுதாகத்தான் தொழ வேண்டும். கேட்க அநியாயமாகப் படும். ஆனால் சிரமம் ஆளுக்கு ஆள் மாறும். அதை அளக்கக் கோல் கிடையாது. தூரத்தை எவரும் அளக்கலாம். அளக்க முடிந்ததில் சட்டத்தை நிறுத்தியது சரியான முடிவுதான்.

விமானம் ஒரு சிரமத்தை நீக்கிவிட்டு இன்னொன்றைக் கொண்டுவந்தது. நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்வது சூரியன், கடிகாரம் அல்ல. அதுவும் நோன்பாளி இருக்கும் இடத்திலிருந்து தெரியும் சூரியன். உயரம் கூடினால் அஸ்தமனம் தள்ளிப்போகும். துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 80ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடமும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று 2011இல் அங்குள்ள மார்க்க அதிகாரிகள் அறிவித்தார்கள்.

மேற்கே பறப்பவருக்கு இது நிமிடக் கணக்கோடு நிற்பதில்லை. பிற்பகலில் சென்னையில் ஏறியவர் அரபிக்கடலுக்கு மேல் இருக்கும்போது, அவர் தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி குடித்து முடித்திருப்பார்கள். அவர் ஜன்னலிலோ இன்னும் வெயில். சென்னைக்கும் ஜித்தாவுக்கும் தீர்க்கரேகையில் 41 பாகை வித்தியாசம். அதற்கேற்ப ஜித்தாவில் சூரியன் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் தாமதமாக மறைகிறது. விடியுமுன் ஸஹர் சாப்பிட்டது சென்னைக் கணக்கில், திறப்பது ஜித்தா கணக்கில். அந்த நீண்ட பகலைத் தாங்க முடியாதவருக்கு ஒட்டகக் காலத்துச் சலுகை இன்றும் உண்டு என்பார்கள் அறிஞர்கள் சிலர்: அன்றைய நோன்பை இன்னொரு நாள் நோற்றுக்கொள்ளலாம்.